விஷம் குடித்த கரியைச் செடிக்குப் போடலாமா?



போன மாதம் கோப்பெங் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டம் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். பால்மரமெல்லாம் எப்போதோ சாய்ந்து, செம்பனை வந்து, அதிலும் பாதி இன்று தாமானாகிவிட்டது. பழைய லயத்தில் மிஞ்சியிருப்பது பதினொரு குடும்பம். ஒருவருடைய சொக்சோ பாரம் விஷயமாகத்தான் போனேன். பேசி முடித்துக் கிளம்பும்போது ஓர் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, வந்தது வந்தீங்க, இந்தக் கரியைக் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க. செடிக்குப் போடலாமுன்னு இருக்கேன்."

கோயிலுக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள் சாக்குச் சாக்காக அடுக்கியிருந்தது. மொத்தம் பதினான்கு சாக்கு வந்ததாம். அக்காவின் கொழுந்தன் லோரி ஓட்டுகிறார். ஒரு பட்டறையில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற தொட்டியில் போட்டிருந்த கரி அது. பழைய கரியை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் புதுக் கரி நிரப்பினார்கள். பழசை என்ன செய்வது? "எடுத்துக்கிட்டுப் போப்பா, மண்ணுக்கு ரொம்ப நல்லது" என்று லோரிக்காரர் தலையில் கட்டிவிட்டார்கள். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். புகார் போயிருக்கிறது, விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும்.

ஒரு சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்பாக, லேசாக, வாடை ஒன்றும் இல்லாமல், நம்ம ஊர் அடுப்புக்கரி மாதிரியே இருந்தது. அதுதான் இதில் பெரிய சங்கடம். சுத்தமான கரியும் விஷத்தைக் குடித்த கரியும் பார்வைக்கு ஒன்றே. மூக்குக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

இந்தக் கரிக்கு இப்போது 'பயோசார்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். தமிழில் உயிர்க்கரி என்று எழுதுகிறார்கள். பேர் புதுசு, சங்கதி பழசு. தைப்பிங் பக்கம் கோலா செபெத்தாங் போனவர்களுக்குத் தெரியும், பாக்காவ் மரத்தைக் குவிமாடச் சூளையில் அடுக்கி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் வேகவைத்துக் கரியாக்குவார்கள். அதே முறைதான். மரத்துக்குப் பதிலாக உமியையோ, செம்பனை வெற்றுக்குலையையோ, கொட்டை ஓட்டையோ போட்டு, காற்றில்லாமல் சுட்டால் பயோசார். எரிந்து சாம்பலாகாமல் கரியாக நிற்கிறது. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் பொத்தல்கள். அந்தப் பொத்தல்களில் தண்ணீர் நிற்கும், உரம் நிற்கும். புளித்துப்போன மண்ணின் புளிப்பையும் கொஞ்சம் குறைக்கும். ஆகவே சுத்தமான கரியை மண்ணில் கலப்பது நல்லதுதான். பட்டறைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மையில்தானே ஏமாந்து போகிறோம்.

அதே பொத்தல்கள்தான் விஷத்தையும் பிடிக்கின்றன. ஈயம், கேட்மியம், செம்பு மாதிரியான கன உலோகங்கள் தண்ணீரில் கரைந்து வரும்போது அவற்றுக்கு நேர் மின்னேற்றம் இருக்கும். கரியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம். காந்தத்தில் ஆணி ஒட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்குக் கரியில் உள்ள சாம்பல் உப்புகளோடு சேர்ந்து ஈயம் கரையாத உப்பாகப் படிந்தும்விடும். தொட்டியில் உள்ள தண்ணீர் தெளிந்து வெளியே போகிறது. தண்ணீரில் இருந்த உலோகம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. சாக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது.

குப்பை மக்கும், எண்ணெய் எரியும், மலம்கூட மண்ணாகும். ஈயம் நூறு வருஷம் கழித்தும் ஈயம்தான். குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது ஈயம். சிறுநீரகத்தையும் எலும்பையும் அரிப்பது கேட்மியம். ஆர்செனிக் கலந்த தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் உடம்பில் புள்ளி விழும், உள்ளங்கையும் பாதமும் காய்த்துத் தடிக்கும், பிறகு புற்றுநோய் வரை போகும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஆர்செனிக்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஈயத்துக்கும் அதே அளவு. கேட்மியத்துக்கு அதைவிடக் குறைவு, 0.003.

ஆர்செனிக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பது கிந்தா பள்ளத்தாக்கு. பத்து காஜா, கோப்பெங், கம்பார், தஞ்சோங் துவாலாங் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளீய லம்பம் தோண்டிய குட்டைகள். 1985 அக்டோபரில் வெள்ளீய விலை படுத்ததும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின, குட்டைகள் மட்டும் மிஞ்சின. வெள்ளீயக் கல்லோடு பல இடங்களில் ஆர்செனிக் கலந்த கல்லும் கூடப் பிறந்தது. அதற்காகக் குட்டை மீன் எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் புரளி கிளப்பினால் மீன் வளர்த்துப் பிழைக்கிறவன் வயிற்றில் அடித்த பாவம் வரும். ஒவ்வொரு குட்டையும் ஒவ்வொரு மாதிரி, சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் சொல்ல வருவது வேறு. ஆர்செனிக் தண்ணீரில் போவது பெரும்பாலும் எதிர் மின்னேற்றத்தோடு. கரியும் எதிர் மின்னேற்றம். ஆகவே சாதாரணக் கரி ஆர்செனிக்கைச் சரியாகப் பிடிப்பதில்லை. மண்ணின் புளிப்பைக் குறைக்கிறேன் என்று கரியைக் கொட்டினால், மண்ணில் சும்மா கிடந்த ஆர்செனிக்கை அது இளக்கிவிடவும் கூடும். இரும்பு பூசிய கரிதான் அதற்குச் சரி. "கரி போட்டாச்சு, விஷம் போச்சு" என்று யாராவது வந்து விற்றால், எந்த விஷம் என்று முதலில் கேளுங்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிற பங்களாதேஷ் தம்பி வந்து நின்றான். குலை வெட்டுகிற பையன். மலாயும் சைகையுமாக அக்கா விஷயத்தைச் சொன்னார். 'ஆர்செனிக்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் முகம் மாறிவிட்டது. அவன் ஊரில் குழாய்க் கிணற்றின் வாய்க்குச் சிவப்புச் சாயம் அடித்திருந்தால் குடிக்கக்கூடாது, பச்சை என்றால் குடிக்கலாம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். அது உண்மை. பங்களாதேஷில் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்துச் சாயம் அடித்தார்கள். கிணற்றுத் தண்ணீர் நல்லது, குட்டைத் தண்ணீர் கெட்டது என்று நம்பித் தோண்டிய கிணறுகள் அவை. அந்தப் பையனே போய்க் கோயில் வேலைக்கு வைத்திருந்த சிவப்புச் சாயத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பட்டை இழுத்துவிட்டான். நான் பேசிய பேச்சையெல்லாம்விட அந்தச் சிவப்புப் பட்டை நன்றாக வேலை செய்தது.

"அப்ப அடுப்புல போட்டு எரிச்சிடலாமா தம்பி? எரிஞ்சா போயிடுமில்ல?" என்றார் அக்கா. இந்தக் கேள்வி எல்லார் மனசிலும் வரும். எரிக்கவே கூடாது. கரி எரியும், உலோகம் எரியாது. ஆர்செனிக் அடுப்புச் சூட்டுக்கே ஆவியாகிப் புகையோடு கிளம்பும். கேட்மியமும் நல்ல தணலில் கிளம்பும். மிச்சம் சாம்பலில் தங்கும், அதுவும் முன்னைவிடக் கெட்டியாக, ஏனென்றால் கரி போய்விட்டது, உலோகம் மட்டும் நிற்கிறது. அந்தச் சாம்பலில்தான் நாம் பாத்திரம் விளக்குவோம், கறிவேப்பிலைச் செடிக்கும் தூவுவோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பழைய வீடுகளை உடைக்கும்போது கூரையிலிருந்து லேசாகப் பச்சை பாய்ந்த மரம் வரும், பார்த்திருப்பீர்கள். கரையான் அரிக்காமல் இருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் ஏற்றிய மரமாக அது இருக்கலாம். சும்மா கிடைக்கிறதே என்று விறகாக்கக்கூடாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு குடும்பம் குளிர்காலத்தில் இந்த மாதிரி மரத்தை வீட்டு அடுப்பில் எரித்துக் குளிர்காய்ந்து, குடும்பமே நோயில் விழுந்தது. காரணம் தெரியாமல் தவித்து, கடைசியில் ஆர்செனிக் என்று கண்டுபிடித்தார்கள். 1984இல் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த சங்கதி அது.

சரி, அப்படியானால் இந்தக் கரியை மறுபடி உபயோகப்படுத்தவே முடியாதா? முடியும். ஆனால் எதைக் குடித்தது, எவ்வளவு குடித்தது என்று தெரிந்த பிறகு, அதற்கென்று உள்ள இடத்தில்.

முதல் வழி கழுவுவது. ஒட்டிய உலோகத்தை லேசான ஆசிட்டில் கழற்றிவிடலாம். கழற்றியபின் கரி மறுபடி தொட்டிக்குப் போகும், ஒவ்வொரு தடவையும் பிடிக்கிற சக்தி கொஞ்சம் குறையும். கவனிக்க வேண்டியது கழுவின தண்ணீரை. சாக்கில் இருந்த விஷம் முழுவதும் இப்போது இரண்டு வாளித் தண்ணீரில். அதைக் கால்வாயில் ஊற்றினால் இத்தனை பாடும் வீண். ஆகவே இது லயத்து வாசலில் செய்கிற வேலை அல்ல.

இதைக் கிராமத்து மக்களே கட்டுப்பாடாகச் செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. மேற்கு வங்காளத்தில் வடக்கு 24 பர்கானா மாவட்டம், அங்கேயும் கிணற்றில் ஆர்செனிக். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அரூப் சென்குப்தாவும் வங்காளப் பொறியியல் கல்லூரிக்காரர்களும் 1997 முதல் கிணற்றுக்குக் கிணறு வடிகட்டிகளை வைத்தார்கள். உள்ளே இருந்தது கரி அல்ல, அலுமினா மணிகள். ஆனால் பிரச்சினை அதேதான், விஷத்தைக் குடித்து நிறைந்த மணியை என்ன செய்வது? தூக்கி எறியவில்லை. எல்லாக் கிணற்று மணிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுபோய், காரத்திலும் பிறகு ஆசிட்டிலும் கழுவி, மறுபடி கிணற்றுக்கே அனுப்பினார்கள். கழுவிய தண்ணீரில் உள்ள ஆர்செனிக்கை இரும்போடு சேர்த்துச் சேறாகப் படியவைத்தார்கள். அந்தச் சேற்றைக் காற்றுப் புகுகிற மணல் தொட்டியில் வைத்தார்கள். ஏன் காற்று? மூடிப் புதைத்துக் காற்றில்லாமல் போனால் இரும்பு இளகி ஆர்செனிக்கைத் திருப்பி விட்டுவிடும். கிணற்றைக் கவனித்தது ஊர்க் கமிட்டி. 2007இல் சென்குப்தா குழுவுக்குக் கிரேஞ்சர் பரிசில் இரண்டாமிடம் கொடுத்தார்கள். முதலிடம் பங்களாதேஷுக்காக 'சோனோ' வடிகட்டி செய்த அபுல் ஹுசாமுக்கு.

அங்கே விஷம் குறைந்துபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊரெல்லாம் தண்ணீரில் பரவிக் கிடந்தது, ஒரு தொட்டிச் சேற்றில் அடங்கியது. காவல் காக்க முடிகிற அளவுக்குச் சின்னதாயிற்று.

இரண்டாவது வழி சிமெண்டில் கலந்து கல்லாக்குவது. சிமெண்டின் காரம் ஈயம் போன்றவற்றை இறுக்கிப் பிடிக்கும். கல் உடைந்தாலும் கசியாது என்று நிரூபிக்க ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். காடி மாதிரி லேசான ஆசிட்டில் போட்டு 18 மணி நேரம் உருட்டி, எவ்வளவு உலோகம் தண்ணீரில் இறங்குகிறது என்று அளப்பார்கள். அமெரிக்கக் கணக்குப்படி ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு எட்டினால் அது ஆபத்தான கழிவு. தேறிய கல்லைச் சடக்கோரத்துக்குப் போடலாம். வீட்டுத் தரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நானாக இருந்தால் போடமாட்டேன்.

இன்னொன்று உரம். இது கேட்க விசித்திரமாக இருக்கும். செம்பும் துத்தநாகமும் செடிக்குக் கொஞ்சம் வேண்டிய சத்து. காம்பூட் மண்ணில் செம்பனை வைத்த தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பார்த்திருப்பார்கள், நடுமட்டை மஞ்சளடித்துக் கிடக்கும், துரை செம்பு மருந்து போடச் சொல்வார். செம்பைக் குடித்த கரியை அங்கே போட்டால் மெல்ல மெல்லச் செம்பை விடும். வெறும் செம்பும் துத்தநாகமும் மட்டும் இருந்தால்! பட்டறைத் தண்ணீரில் ஒரே உலோகம் மட்டும் வருவது அபூர்வம். செம்போடு ஈயமும் கேட்மியமும் ஒட்டிக்கொண்டு வரும். சோதனைக் காகிதம் இல்லாமல் இந்த வழியைப் பேசவே கூடாது.

கெட்டுப்போன மண்ணில் கரியைக் கலந்து, உலோகத்தை அங்கேயே கட்டிப்போட்டு, தின்னாத மரங்களை நடுவதும் உண்டு. அங்கே கரி தங்கிவிடுகிறது, தோண்டக்கூடாது. ஆனால் நம்ம மண் புளிப்பு மண். அமோனியா உரம் போடப்போட இன்னும் புளிக்கும். புளிப்பு ஏற ஏறக் கரி பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால் வருஷா வருஷம் மண்ணைப் பார்க்க ஆள் வேண்டும். தோட்டம் கைமாறி, மானேஜர் மாறி, கிராணியார் மாறி, கடைசியில் அங்கே கரி புதைத்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஞாபகம் என்றதும் புக்கிட் மேரா நினைவுக்கு வருகிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில்தான். லம்பத்து அமாங் மணலிலிருந்து எடுத்த மோனசைட்டை 1982 முதல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை பிரித்தது. மிஞ்சியது தோரியம், கதிர்வீச்சுக் கழிவு. பாப்பானில் கொட்டப் பார்த்தபோது மக்கள் எதிர்த்தார்கள். வழக்கு நடந்து 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, 1993 டிசம்பரில் மேல்கோர்ட் அதைப் புரட்டியது, ஆனாலும் 1994இல் ஆலை மூடிக்கொண்டது. பிறகு கழிவைப் பீப்பாய்களில் அடைத்துக் கிளேடாங் மலைப்பக்கம் புதைக்கப் பல கோடி வெள்ளி செலவாயிற்று. கதிர்வீச்சு வேறு, கன உலோகம் வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம். பிரித்தெடுத்த சரக்கு விற்றுப் போனது, மிஞ்சியது ஊரில் நின்றது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த அட்டவணைக் கழிவு விதிகள் இருக்கின்றன. மலாயில் 'பூவாங்கான் தெர்ஜாடுவல்' என்பார்கள். அதில் எஸ்.டபிள்யூ. 411 என்ற எண்ணில் உபயோகித்துத் தீர்ந்த ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கிறது. குடிதண்ணீர் சுத்தம் செய்த கரிக்கும் உணவுத் தொழில் கரிக்கும் விலக்கு உண்டு. ஆகவே உங்கள் வீட்டுக் குழாய் ஃபில்டர் கரியை நினைத்துப் பயப்பட வேண்டாம். பட்டறைக் கரிக்கு விலக்கு இல்லை. "இது ஆக்டிவேட்டட் கார்பன் இல்லை, பயோசார்" என்று முதலாளி வாதம் பேசலாம். அதைத் தீர்மானிப்பது சுற்றுச்சூழல் இலாகா, முதலாளி அல்ல. அட்டவணைக் கழிவை உண்டாக்கியவரே அதற்குப் பொறுப்பு. 20 டன்னுக்கு மிகாமல், 180 நாளுக்கு மேல் போகாமல், பேர் ஒட்டி வைத்திருக்கலாம். பிறகு லைசென்ஸ் உள்ள லோரியில் லைசென்ஸ் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். ஓசியில் தூக்கிக் கொடுக்க அதில் இடமே இல்லை.

லோரி ஓட்டுகிற, தொட்டி கழுவுகிற நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், வேலையிடத்தைவிட்டு விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. என்ன சரக்கு என்று எழுதிக் கேளுங்கள். வாயால் சொன்னது நாளைக்கு இருக்காது.

அக்காவுடைய சாக்குகளைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, மழை படாமல் பலகை மேல் ஏற்றி, பிளாஸ்டிக் போட்டு மூடினோம். பிள்ளைகள் போகாதபடி கயிறு கட்டினோம். ஈப்போவில் இலாகாவுக்குக் கடிதம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து லைசென்ஸ் உள்ள லோரி வந்தது. லோரிக்காரர் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு.

"பதினாலு இல்ல?" என்றேன். சிவப்புச் சாயம் அடித்த அன்றைக்கு யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அக்கா கடைசி வீட்டுத் தாத்தாவைப் பார்த்தார். பால் வெட்டி ஓய்ந்தவர், குட்டைக் கரையில் கங்கோங் போட்டு வியாழக்கிழமை பசாரில் விற்கிறார். கரி வந்த மறுநாளே, நான் போவதற்கு முன்பே, இரண்டு சாக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தியில் கொத்திவிட்டாராம்.

"கறுப்பா இருந்துச்சு தம்பி. ஆலைக் கரி மாதிரியேதான் இருந்துச்சு" என்றார்.

அவரை யாரும் ஏசவில்லை. கங்கோங்கைப் பிடுங்கி, வேரோடு சாக்கில் கட்டிச் சிவப்புப் பட்டை போட்டு வைத்திருக்கிறோம். பாத்தி மண்ணிலும் குட்டைத் தண்ணீரிலும் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். இதுவரை விற்ற கீரையை வாங்கியது யார் யார் என்று தாத்தா ஒரு பழைய பெரட்டுப் புத்தகத்தில் ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். சோதனைக் காகிதம் வந்ததும் இதே பகுதியில் எழுதுகிறேன்.